உங்கள் கடிகாரம் எவ்வளவு தப்பு?

அலுவலகத்தில் ஒரு லேப்டாப் காணாமல் போகிறது. சிசிடிவியில் பையோடு ஒருவர் வெளியேறுவது 7.42-க்குத் தெரிகிறது. வாசலில் இருக்கும் கைரேகைக் கருவியில் அவர் விரல் வைத்தது 7.36. வைஃபை ரவுட்டரின் லாக்கோ, அந்த லேப்டாப் 7.51 வரை கட்டடத்துக்குள் இருந்ததாகச் சொல்கிறது. மூன்று பெட்டி, மூன்று கதை. எதை நம்புவது என்று மேனேஜர் கேட்கிறார். ஐடி டீமில் எல்லோரும் அவரவர் செல்போனைப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத் தனி மரியாதை உண்டு. அந்தப் பதிலைக் கற்றுத் தரும் புராஜெக்ட் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், ஐந்தாறு கம்பிகள், மூன்று வார இறுதிகள் போதும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களைச் சுமந்து சுற்றும் செயற்கைக்கோள்களின் விநாடியோடு உங்கள் கணினியின் விநாடியும் சேர்ந்து நடக்கும். வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் அதுவே மணி சொல்லும்.

கடிகாரத்தைக் கட்டுவது பாதி வேலைதான். அது எவ்வளவு தப்பு என்று சொல்லத் தெரிவது மறுபாதி. வேலை வாங்கித் தருவது அந்த மறுபாதி.

நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பவர்கள்

முதலில் சட்டம். இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினிகளின் நேரத்தை என்ஐசி அல்லது புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றை அடியொற்றும் சர்வரோடு இணைத்து வைக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் இருந்து நேரம் தப்பாக இருந்தால் அந்த லாக்கினால் என்ன பயன்? ஆகவே எந்த நிறுவனத்திலும் நேரத்தைப் புரிந்த ஓர் ஆள் தேவை.

அடுத்து மின்சாரம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி, 360 பாகை. துணை மின்நிலையங்களில் அலையின் கோணத்தை அளக்கும் பிஎம்யூ கருவியின் நேரம் ஒரு மில்லிவிநாடி விலகினால் கணக்கு 18 பாகை கோணலாகிவிடும். அதனால் அங்கே மைக்ரோவிநாடிக் கணக்குத்தான். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் மூழ்கினார்கள். விசாரித்தவர்களுக்குப் பெரிய தலைவலி, பதிவுக் கருவிகள் பல ஒரே நேரத்தில் ஓடாததுதான். எந்த லைன் முதலில் விழுந்தது என்று கோப்பதற்கே பெரும்பாடு பட்டார்கள்.

தொலைத்தொடர்பில் கெடுபிடி இன்னும் அதிகம். ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசிக் கேட்கும் டிடிடி வகை 4ஜி, 5ஜி டவர்கள் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோவிநாடிக்கு மேல் விலகக் கூடாது. டவரின் உச்சியில் வெள்ளைக் காளான் போல ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஜிபிஎஸ் ஆன்டெனா. பங்குச் சந்தையிலும் இதே கதை. ஐரோப்பாவில் 2018 ஜனவரி முதல், அதிவேக வர்த்தகம் செய்பவர்களின் கடிகாரம் 100 மைக்ரோவிநாடிக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. விண்வெளித் துறையைச் சொல்லவே வேண்டாம். 2023 மே 29 அன்று இஸ்ரோ ஏவிய என்விஎஸ்-01 என்ற நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் அணுக் கடிகாரம் போனது.

இத்தனை துறைகளுக்கும் பொதுவான ஒரு திறமையை மேசை மேல் பழகிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் புராஜெக்டின் லாபம்.

கடையில் என்ன கேட்பது?

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ எல்லாம் கிடைக்கும். ஆனால் ‘ஒரு ஜிபிஎஸ் கொடுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் தப்பான சரக்கு வரும்.

மாட்யூல்: நியோ-6எம், நியோ-எம்8என் வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ‘பிபிஎஸ் பின் வெளியே இருக்கா?’ விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் கால் அது. மலிவு மாட்யூல்கள் பலவற்றில் நான்கே கால்கள். பிபிஎஸ் சிக்னல் போர்டில் உள்ள எல்ஈடியோடு முடிந்துவிடும். சால்டரிங்கில் கை பழகியவர் அங்கிருந்து ஒரு கம்பி இழுத்துக்கொள்ளலாம். புதியவர் ஐந்து கால் உள்ளதையே வாங்குங்கள். யூஎஸ்பி-யில் செருகும் ரிசீவர்களில் பெரும்பாலும் இந்தத் துடிப்பு வெளியே வராது. வாங்காதீர்கள்.

கணினி: எந்த ராஸ்பெர்ரி பையும் ஓடும். பழைய மாடல்களில், பை 3 உட்பட, நெட்வொர்க் கேபிள் உள்ளே யூஎஸ்பி வழியாகச் சுற்றிப் போகும். நேரத்தில் சின்ன நடுக்கம் இருக்கும். பை 4 முதல் அந்தச் சுற்று இல்லை. பை 5-க்கு முந்தைய மாடல்களில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. அணைத்து எழுப்பினால் அது பழைய நேரத்திலேயே விழிக்கும்.

இவற்றோடு வெளியே வைக்கும் காந்த ஆன்டெனா ஒன்று, நல்ல பவர் அடாப்டர், மெமரி கார்டு, ஜம்பர் கம்பிகள்.

முதல் வார இறுதி: இரண்டு சிக்னல்

கம்பியைத் தொடும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மாட்யூல் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. வானொலியில் மணி சொல்வதற்கு முன் ‘பீப்’ ஒலி வரும் அல்லவா? அந்தப் பீப் விநாடியின் விளிம்பைக் காட்டும். ஆனால் எத்தனை மணி என்று சொல்லாது. மணி சொல்வது அறிவிப்பாளர். ஆனால் அவர் வாக்கியம் முடிவதற்குள் விநாடி ஓடிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் கடிகாரம்.

மாட்யூலில் அறிவிப்பாளர், என்எம்ஈஏ என்ற எழுத்து வரிகள். தேதி, நேரம், இடம் எல்லாம் அதில் வரும். சீரியல் கம்பியில் 9600 வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், விநாடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். 70 எழுத்துள்ள ஒரு வரி வந்து சேரவே 73 மில்லிவிநாடி. அப்படிப் பல வரிகள். ஆகவே வரியை மட்டும் நம்பினால் மில்லிவிநாடிகள் நூற்றுக்கணக்கில் போகும். பீப் ஒலி, பிபிஎஸ் துடிப்பு. விநாடி பிறக்கும் கணத்தில் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் எழும். பிழை மைக்ரோவிநாடிகளுக்கு இறங்குவது இந்தக் கம்பியால்தான்.

இணைப்பு எளிது. மாட்யூலின் டிஎக்ஸ் (பேசும் கால்), பையின் ஆர்எக்ஸ் (கேட்கும் கால்) ஆன 10-ஆவது காலுக்கு. ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டும் என்பதால் டிஎக்ஸ் எப்போதும் ஆர்எக்ஸுக்குத்தான் போகும். பிபிஎஸ், 12-ஆவது காலுக்கு. மென்பொருளில் அதன் பெயர் ஜிபிஐஓ 18. கிரவுண்ட், 6-ஆவது காலுக்கு. மின்சாரம், மாட்யூல் கேட்கும் அளவுக்கு. ஓர் எச்சரிக்கை: பையின் சிக்னல் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் சிக்னலைக் காட்டினால் அந்தக் கால் போனதுதான். சில நேரம் போர்டே போகும்.

ஆன்டெனாவை மொட்டை மாடியில், சுற்றிலும் வானம் தெரியும் இடத்தில் வையுங்கள். சன்னல் ஓரமும் ஓரளவு ஓடும். ஆனால் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை கணக்கைக் கலைக்கும். ஒளி ஒரு மைக்ரோவிநாடியில் 300 மீட்டர் போகும், ஒரு நானோவிநாடியில் சுமார் 30 செண்டிமீட்டர். சுற்றிவளைத்து வரும் ஒவ்வோர் அடியும் நேரத்தில் தெரியும். சற்றுக் காத்திருந்தால் மாட்யூலின் எல்ஈடி விநாடிக்கு ஒரு முறை சிமிட்டத் தொடங்கும். செயற்கைக்கோள்கள் பிடிபட்டுவிட்டன என்று அர்த்தம்.

இரண்டாம் வார இறுதி: மூன்று மென்பொருள்

முதலில் ராஸ்பி-கான்ஃபிக் போய், சீரியல் வழியாக லாகின் செய்யும் வசதியை அணையுங்கள். சீரியல் போர்ட்டை மட்டும் திறந்து வையுங்கள். இதை மறந்தால் லினக்ஸும் ஜிபிஎஸ்ஸும் ஒரே கம்பியில் ஒன்றோடொன்று கத்திக்கொண்டிருக்கும். பிறகு பூட் கான்ஃபிக் கோப்பில் பிபிஎஸ்-ஜிபிஐஓ ஓவர்லேயைச் சேர்த்து, பின் எண் 18 என்று கொடுங்கள். ரீபூட்.

பிபிஎஸ்-டூல்ஸ், ஜிபிஎஸ்டி, க்ரோனி ஆகிய மூன்றையும் நிறுவுங்கள். முதலில் பிபிஎஸ்டெஸ்ட் கட்டளையை ஓட்டுங்கள். விநாடிக்கு ஒரு வரி விழும். புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒன்பது இலக்கங்களை மட்டும் பாருங்கள். இப்போது 483-இல் தொடங்கும் ஏதோ ஓர் எண் இருக்கலாம். உங்கள் கணினியின் விநாடி அரை விநாடி தள்ளிப் பிறக்கிறது என்று பொருள். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஜிபிஎஸ்டி, வரிகளைப் படித்து, கணினியின் கடிகாரத்தைத் திருத்தும் க்ரோனிக்குக் கொடுக்கும். யாரும் கேட்காவிட்டாலும் படித்துக்கொண்டே இரு என்ற தேர்வை அதில் போட மறக்காதீர்கள். க்ரோனியில் இரண்டு மூலங்களை அறிவியுங்கள். என்எம்ஈஏ வரி எந்த விநாடி என்று சொல்ல மட்டும். அதைத் தேர்ந்தெடுக்காதே என்று குறியுங்கள். பிபிஎஸ்தான் உண்மையான மூலம். அதை என்எம்ஈஏ-வோடு பூட்டுங்கள். பிபிஎஸ் எந்த விநாடிக்கு உரியது என்று குழப்பமில்லாமல் தெரிய, என்எம்ஈஏ-யின் தாமதத்தையும் அளந்து ஈடுகட்டுங்கள். கடைசியாக, வெளி உலகின் நான்கு நேர சர்வர்களையும் சேருங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து க்ரோனியின் மூலப் பட்டியலைக் கேளுங்கள். பிபிஎஸ் வரியின் முன்னால் நட்சத்திரக் குறி நின்றால் அதுதான் தலைவன். ரீச் என்ற பத்தியில் 377 இருக்கும். எட்டின் அடிமானத்தில் எழுதிய எண் அது. கடைசி எட்டு முயற்சியும் வெற்றி என்பதற்கான எட்டு ஒன்றுகள். இப்போது பிபிஎஸ்டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டி, முன்பு குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். புள்ளிக்குப் பின்னால் 000001 என்றோ 999998 என்றோ தொடங்கினால், எழுந்து போய் ஒரு காபி குடிக்கலாம்.

நான் விழுந்த குழி

என் முதல் கடிகாரம் அப்படித்தான் அழகாக ஓடியது. நாலைந்து மைக்ரோவிநாடிக்கு மேல் ஆடவில்லை. வரைபடத்தை ஒரு சீனியரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: “தம்பி, எதோட ஒப்பிட்டு இது சரின்னு சொல்றே?”

அதுவரை கடிகாரத்தை அதன் சொந்தத் துடிப்போடு மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். அன்றிரவு நான்கு வெளி சர்வர்களைச் சேர்த்தேன். சிறிது நேரத்தில் என் பிபிஎஸ் வரியின் முன்னால் எக்ஸ் குறி விழுந்தது. நேர சர்வர் உலகில் அதன் பொருள், இந்த மூலம் பொய் சொல்கிறது. நான்கு சர்வர்களும் ஒருவாய்ப்பட என் கடிகாரம் 100 மில்லிவிநாடி பின்தங்கியிருப்பதாகச் சொல்லின.

100 என்ற முழு எண்தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. நியோ-6எம் தரும் துடிப்பின் நீளம் சரியாக 100 மில்லிவிநாடி. எழும் விளிம்புதான் விநாடியின் தொடக்கம். பையின் கால் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் நடுவில் ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டிருந்தேன். அது சிக்னலைத் தலைகீழாக்கிவிட்டது. நான் துடிப்பின் தொடக்கம் என்று பிடித்தது அதன் முடிவு. ஆட்டம் அசைவில்லாமல், ஒவ்வொரு விநாடியும் ஒரே அளவு தப்பு. நிலையாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு உறைக்கச் சொன்னதில்லை.

இன்னும் சில குழிகள்:

• பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் லீப் விநாடி, ஜிபிஎஸ் நேரத்துக்குக் கிடையாது. 1980 ஜனவரி 6 முதல் அது இடைவிடாமல் எண்ணுகிறது. உலகப் பொது நேரத்தைவிட இப்போது 18 விநாடி முந்தி நிற்கிறது. இந்த வித்தியாசத்தைச் செயற்கைக்கோள் 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் சொல்லும். புதிதாக எழுந்த மாட்யூல் அதுவரை சில விநாடி தப்பாகச் சொல்லக்கூடும். பொறுங்கள்.

• வாரத்தை ஜிபிஎஸ் 1023 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது; அடுத்தது 2038 நவம்பர். பழைய மாட்யூல் சுமார் இருபது ஆண்டு பின்னால் தேதி காட்டினால் காரணம் இதுவே.

• சூடு. பையின் உள்ளே இருக்கும் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே நாளுக்கு 86 மில்லிவிநாடி. வெயில் படும் இடத்திலும் ஃபேன் காற்றுக்கு நேராகவும் வைக்காதீர்கள். மூடிய டப்பாவில் வையுங்கள்.

மூன்றாம் வார இறுதி: அளப்பது

ஒரு வாரம் லாக் எடுங்கள். வரைபடம் போடுங்கள். பிறகு ஒரு குறும்பு செய்யுங்கள்: ஆன்டெனாவைக் கழற்றி ஆறு மணி நேரம் விடுங்கள். துணையில்லாமல் கடிகாரம் எவ்வளவு விலகுகிறது? அதுதான் ஹோல்டோவர். நிஜ வேலையில் ஜிபிஎஸ் தடைபடுவது, யாரோ போலிச் சிக்னல் விடுவது எல்லாம் நடக்கும். ‘அப்போது என்ன ஆகும்?’ என்று கேட்டு வைத்தவரைத்தான் டீமில் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே லேப்டாப்பைக் கேபிளிலும் வைஃபையிலும் மாற்றி மாற்றி இந்தச் சர்வரோடு இணைத்து, நேரம் எப்படி ஆடுகிறது என்றும் பாருங்கள். வைஃபையில் ஆட்டம் மில்லிவிநாடிகளுக்குப் போவதைக் கண்ணால் காணலாம்.

ரெஸ்யூமேயில் எப்படி எழுதுவது?

‘ராஸ்பெர்ரி பையில் ஜிபிஎஸ் கடிகாரம் செய்தேன்’ என்று எழுதினால் ஒரு வரி வீண். வீடியோ பார்த்து யாரும் செய்யலாம். இப்படி எழுதுங்கள்:

‘பிபிஎஸ் சார்ந்த ஸ்ட்ராட்டம் 1 நேர சர்வர் அமைத்து 7 நாள் அளந்தேன். 95 சதவீத அளவீடுகள் ___ மைக்ரோவிநாடிக்குள். நான்கு வெளி சர்வர்களோடு ஒப்பிட்ட சராசரி விலகல் ___. ஆன்டெனா இல்லாமல் 6 மணி நேரத்தில் ___. கண்டுபிடித்துத் திருத்திய பிழை: ___.’

கோடிட்ட இடங்களை நீங்கள் அளந்தே நிரப்ப வேண்டும். அடுத்தவர் எண்ணை எடுத்துப் போட்டால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கடைசி இடம் காலியாக இருக்கக் கூடாது. பிழை எதுவும் வரவில்லை என்பவரை இன்டர்வியூ எடுப்பவர் நம்ப மாட்டார்.

வரக்கூடிய கேள்விகள் சில:

ஸ்ட்ராட்டம் என்றால் என்ன? மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்பது. ஜிபிஎஸ் பூஜ்யம், அதனோடு நேரே இணைந்த உங்கள் பை ஒன்று. எண் சிறியதாக இருப்பதாலேயே நேரம் சரி என்று ஆகாது. என் 100 மில்லிவிநாடிக் கடிகாரமும் ஸ்ட்ராட்டம் 1-தான்.

இன்டர்நெட் வழி நேரம் ஏன் தப்புகிறது? போகும் பாதையும் வரும் பாதையும் ஒரே தாமதம் என்று நேர சர்வர்களின் நெறிமுறையான என்டிபி எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லாவிட்டால் வித்தியாசத்தில் பாதி, பிழையாகக் கடிகாரத்தில் ஏறும். டேவிட் மில்ஸ் 1980-களில் என்டிபியை வகுத்ததிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை.

கடைசி லீப் விநாடி எப்போது? உலக நேரப்படி 2016 டிசம்பர் 31-இன் முடிவில். நம் ஊர்க் கணக்கில் 2017 ஜனவரி 1 காலை 5:29:60. லீப் விநாடி என்ற ஏற்பாட்டை 2035-க்குள் நிறுத்திவைக்க 2022-இல் சர்வதேச எடை அளவை மாநாடு முடிவெடுத்தது.

இதைவிடத் துல்லியம் வேண்டுமானால்? நெட்வொர்க் சிப்பிலேயே நேரமுத்திரை குத்தும் பிடிபி. அடுத்துக் கற்க வேண்டியதும் அதுதான். பை 5-இல் அதற்கு வன்பொருள் வசதி இருக்கிறது.

அலுவலகத்தில் செய்யக் கூடாதவை

ஆர்வக் கோளாறில் இந்தப் பெட்டியை ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் செருகிய எந்தப் பெட்டியும் பாதுகாப்பு டீமுக்கு அந்நியன்தான். செர்ட்-இன் உத்தரவுக்கு இதுவே போதும் என்றும் சொல்லாதீர்கள். அங்கே அதிகாரபூர்வ மூலத்தோடு தொடர்பு காட்ட வேண்டும். வீட்டிலும் இந்தச் சர்வரை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். 2014 பிப்ரவரியில், திறந்து கிடந்த நேர சர்வர்களையே ஆயுதமாக்கி விநாடிக்குச் சுமார் 400 கிகாபிட் அளவுக்கு ஒரு தாக்குதல் நடந்தது.

செய்யக் கூடியது வேறு. அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு நாள் காலையில் அலுவலகத்தின் சிசிடிவித் திரை, கைரேகைக் கருவி, ரவுட்டர் மூன்றின் நேரத்தையும் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் சொன்ன லேப்டாப் கதைக்கு வாருங்கள். கேமரா 4 நிமிடம் முந்தி, கைரேகைக் கருவி 2 நிமிடம் பிந்தி, ரவுட்டர் 13 நிமிடம் முந்தி என்று அந்தத் தாளில் இருந்திருந்தால்? 7.42-உம் 7.36-உம் 7.51-உம் ஒரே நேரமாகிவிடும்: 7.38. மூன்று கதையும் ஒன்றாகி, விரல் வைத்த கையோடு லேப்டாப்பும் வாசலைத் தாண்டியது தெரிந்துவிடும். அதற்கு மைக்ரோவிநாடி வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். எந்தப் பெட்டி எவ்வளவு தப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு தாள் போதும். அந்தத் தாளை மேனேஜருக்கு மெயிலில் அனுப்புங்கள். ரெஸ்யூமேயில் எழுத இரண்டாவது வரியும் கிடைத்துவிடும்.